அந்தக் காலம் போல வருமா?

ஞாயிறு திருப்பலி முடிந்து மக்கள் கலைந்து செல்லும் வேளையில், ஆலயத்தின் வேப்பமர நிழலில் பெரியவர்கள் சிலர் தங்கிப் பேசுவது வழக்கம். சங்கரன்கோவிலிலும் அதன் சுற்றுக் கிராமங்களிலும் பணிபுரியும் இவ்வாண்டுகளில், அந்த நிழலில் நாம் மிகுதியாகக் கேட்ட சொற்றொடர் ஒன்று உண்டு. "அந்தக் காலம் போல வருமா, சாமி?" என்பதே அது.

அந்தக் காலத்து இலத்தீன் பூசை, உபதேசியார் முன்னின்று சொல்லிக்கொடுத்த மந்திரங்கள், இரவானால் தெருவெங்கும் கேட்ட செபமாலை, வானொலிப் பெட்டியைச் சுற்றி அமர்ந்து கேட்ட வேரித்தாஸ் தமிழ் ஒலிபரப்பு என அவர்களது நினைவுகள் நீளும். முடிவில் பேச்சு கைப்பேசியில் வந்து நிற்கும். "இப்ப ஆளுக்கு ஒரு போன், சாமி. ஒரே வீட்டுக்குள்ள நாலு பேரும் நாலு ஊர்ல இருக்கிற மாதிரி இருக்காங்க" என்றார் ஒரு பாட்டையா.

நாமும் இந்த ஏக்கத்திற்கு விலக்கானவர்கள் அல்லோம். 2019-ஆம் ஆண்டு நவம்பரில் தென்காசி மாவட்டம் உருவாகி, நம் ஊர் அதனோடு சேர்ந்தது. ஆயினும் முகவரி எழுதும்போது நம் கை இன்னும் 'திருநெல்வேலி மாவட்டம்' என்றே எழுதத் தொடங்குகிறது. பழகிய தடத்தில் செல்வது கைக்கு மட்டுமன்று, மனத்திற்கும் இயல்பே. ஆனால் அந்த இயல்பு ஒரு மேய்ப்பனுக்கு எப்பொழுது குற்றமாகிறது என்பதைச் சில ஆண்டுகளுக்குமுன் நாம் கற்றுக்கொண்டோம். அதனைச் சொல்லாமல் இக்கட்டுரையை எழுதுவது நேர்மையாகாது.

விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்யும் தாய் ஒருவர் ஒருநாள் மாலை நம்மைத் தேடி வந்தார். "சாமி, பய ராத்திரியெல்லாம் போனையே பாக்கான். என்ன பாக்கான்னு எனக்குத் தெரியல. எனக்குப் படிக்கத் தெரியாது. நீங்க கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றார். ஆகட்டும் என்று அனுப்பி வைத்தோம். ஆனால் அந்தப் பையனை அழைத்துப் பேசவில்லை. அடுத்த ஞாயிறு மறையுரையில், கைப்பேசியின் தீமைகளையும் நம் இளமைக்கால வாழ்வின் தூய்மையையும் அரைமணி நேரம் எடுத்துரைத்தோம். வேப்பமரத்தடியில் பாராட்டுகள் கிடைத்தன.

சில மாதங்கள் கழித்து உண்மை தெரிய வந்தது. பையன் பணம் வைத்து ஆடும் சீட்டு விளையாட்டில் சிக்கியிருந்தான். தாய் வாரக் கூலியிலிருந்து சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் போய்விட்டது; அதற்குமேல் கடனும் வந்திருந்தது. அந்தத் தாய் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. "நீங்கதான் அன்னைக்கே பிரசங்கம் வச்சீங்களே, சாமி" என்று மட்டும் சொன்னார். அதனை நன்றியாகச் சொன்னாரா, குறையாகச் சொன்னாரா என்பது இன்றுவரை நமக்கு விளங்கவில்லை. அவர் கேட்டது நம் கவனத்தை. நாம் கொடுத்ததோ நம் ஏக்கத்தை.

அந்த நாளுக்குப்பின் ஒரு கேள்வி நம்மை விடாமல் தொடர்ந்தது. எந்த முன்னோர்களின் காலத்தைப் பொற்காலம் என்று போற்றுகிறோமோ, அந்த முன்னோர்கள் தங்கள் காலத்தை எவ்வாறு எதிர்கொண்டனர்? பழைய ஏடுகளைப் புரட்டியபோது கிடைத்த விடை நமக்கு ஆறுதலாகவும் இருந்தது, எச்சரிக்கையாகவும் இருந்தது.

அச்சு பிறந்த கதை

தமிழ்க் கத்தோலிக்கராகிய நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் ஆண்டு 1578. அவ்வாண்டு அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் மறைக்கல்வி நூல் தமிழ் எழுத்தில் அச்சாகியது. பதினாறே பக்கங்கள் கொண்ட சிறுநூல். ஆயினும் இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் அச்சாகிய நூல்களுள் இன்று நமக்குக் கிடைப்பவற்றில் அதுவே முதலாவது. அதனை ஆக்கியவர் போர்ச்சுக்கல் நாட்டு இயேசு சபைத் துறவி அன்ரிக் அன்ரிக்கஸ் அடிகளார். 1546-இல் இந்தியா வந்து, முத்துக்குளித்துறை மக்களோடு வாழ்ந்து, அவர்களுடைய மொழியைக் கற்று, அதற்கு இலக்கணமும் எழுதியவர் அவர்.

அதற்கு முன்னரே, 1554-இல் லிஸ்பன் நகரில் தமிழ் மறைக்கல்வி நூல் ஒன்று அச்சேறியது. அதனை மொழிபெயர்த்தோர் தமிழர்கள். ஆனால் தமிழ் எழுத்து வார்க்கப்படாத காலமாதலால், தமிழ்ச் சொற்கள் உரோமன் எழுத்தில் அச்சிடப்பட்டன. அன்ரிக்கஸ் அடிகளாருக்கு அது போதவில்லை. மக்கள் தங்கள் எழுத்திலேயே படிக்க வேண்டும் என்று விரும்பினார். 1577-இல் கோவாவில் தமிழ் எழுத்துகள் வார்க்கப்பட்டன. அடுத்த ஆண்டு கொல்லத்திலும் வார்க்கப்பட்டன. 1579 நவம்பரில் கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்' அச்சாகியது. 1586-இல் அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட 'அடியார் வரலாறு' வெளிவந்தது. இப்பணிக்கு முத்துக்குளித்துறை மக்கள் பொருளுதவி செய்தனர். கடலில் மூச்சடக்கி முத்தெடுத்து ஈட்டிய பணம், அவர்களில் பலர் படிக்கவும் அறியாத ஒரு புதுமைக்கு வழங்கப்பட்டது என்பதை நாம் மறக்கலாகாது.

அக்காலத்தை எண்ணிப் பாருங்கள். ஓலையும் எழுத்தாணியும் ஆண்ட நாடு இது. அச்சுப்பொறியோ அன்றைக்குப் புத்தம் புதிய கருவி; ஐரோப்பாவில் குட்டன்பர்க் விவிலியத்தை அச்சிட்டு அப்பொழுது ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளே ஆகியிருந்தன. நாம் இன்று பழம்பெருமை என்று கொண்டாடும் நூல் அன்று புதுமைகளுள் புதுமையாக இருந்தது.

பெருமைக்குப் பின் வந்த மௌனம்

ஆனால் வரலாறு அத்துடன் முடியவில்லை. 1600-இல் அன்ரிக்கஸ் அடிகளார் மறைந்தார். அவருக்குப்பின் அப்பணி அதே வேகத்தில் தொடரவில்லை. 1658-இல் தூத்துக்குடியையும் 1663-இல் கொச்சியையும் டச்சுக்காரர் கைப்பற்றியபோது நிலைமை மேலும் இடர்ப்பட்டது. 1679-இல் அம்பலக்காட்டில் புரொவென்சா அடிகளாரின் தமிழ் - போர்த்துக்கீசிய அகராதி அச்சாகியது. அம்முயற்சியும் வேரூன்றித் தழைக்கவில்லை.

பின்னர்த் தமிழ் அச்சை நிலைநிறுத்தியவர்கள் யாவர்? தரங்கம்பாடிக்கு வந்த லூத்தரன் சபைப் பணியாளர்கள். சீகன்பால்கு ஐயரும் அவர்தம் தோழர்களும் 1713 முதல் அங்குத் தமிழ் அச்சுப்பணியை நடத்தி, 1715-இல் புதிய ஏற்பாடு முழுவதையும் தமிழில் அச்சிட்டு முடித்தனர். முதல் அடியை எடுத்து வைத்தவர்கள் நாம். தொடர்ந்து நடந்தவர்கள் பிறர். 1578-ஐப் பற்றி மேடைதோறும் பேசும் நாம், அதன்பின் வந்த நீண்ட மௌனத்தைப் பற்றி அரிதாகவே பேசுகிறோம். தாத்தா வெட்டிய கிணறு என்று சொல்லிக்கொண்டிருந்தால் போதாது. தூர் வாராத கிணற்றில் தண்ணீர் ஊறாது.

நம் வட்டாரம் கண்ட முனிவர்

இம்மௌனத்தின் காலத்தில்தான், நம் மண்ணை மிதித்த மாமனிதர் ஒருவர் வந்தார். அவரே வீரமாமுனிவர். இத்தாலியில் 1680-இல் பிறந்த அவர், 1711-இல் மதுரை மறைத்தளத்திற்கு வந்தார். காமநாயக்கன்பட்டியில் பணியாற்றினார். நம் சங்கரன்கோவில் வட்டாரத்துக் குருக்கள்பட்டியில் 1714-15-ஆம் ஆண்டளவில் பிடிபட்டு, மரண தண்டனைக்கு உள்ளாகி, உயிர் தப்பினார். நாம் இன்று பேருந்தில் எளிதாகக் கடந்துபோகும் அவ்வூரில் அவர் உயிர் பறிபோயிருந்தால், தமிழ் எவ்வளவு இழந்திருக்கும்!

வீரமாமுனிவரைப் பழமையின் காவலர் என்றே நாம் எண்ணுகிறோம். அதில் உண்மை உண்டு. தமிழ்ப் புலவர்களிடம் பணிந்து கற்று, புனித சூசையப்பரைத் தலைவராகக் கொண்டு 3,615 பாடல்களில் 'தேம்பாவணி' பாடியவர். ஐந்திலக்கணமும் கூறும் 'தொன்னூல் விளக்கம்' எழுதியவர். ஆனால் அதே கை வேறு என்ன செய்தது என்பதையும் காண வேண்டும்.

அதுவரை சொற்பொருளை அறிய விரும்பியோர் நிகண்டுகளைச் செய்யுளாக மனனம் செய்ய வேண்டியிருந்தது. அவர் 1732-இல் 'சதுரகராதி'யை அமைத்து, சொற்களை அகர வரிசையில் அடுக்கி, தேடுவோர் எவரும் எளிதில் காணுமாறு செய்தார். எகர ஒகரக் குறில்களைப் புள்ளியிட்டு நெடில்களிலிருந்து வேறுபடுத்தும் பழைய வழக்கம் ஓலைச்சுவடிகளில் பெரிதும் விடுபட்டு, படிப்போர் இடர்ப்பட்டனர். அவர் நெடில்களுக்குத் தனி வடிவம் தந்து அக்குழப்பத்தை நீக்கினார். இன்று நாம் 'ஏசு' என்றும் 'ஓசை' என்றும் ஐயமின்றி எழுதுவது, பழைய எழுத்தைத் தொடத் தயங்காத அந்த மனிதரால்.

எல்லாவற்றிலும் நம்மைச் சிந்திக்க வைப்பது ஒன்று. செந்தமிழில் காப்பியம் பாடிய அவரே, கொடுந்தமிழுக்கு, அதாவது மக்கள் தெருவிலும் சந்தையிலும் பேசிய மொழிக்கு, இலத்தீனில் தனி இலக்கணம் எழுதினார். புலவர்கள் பொருட்படுத்தாத அன்றாடப் பேச்சை அவர் காது கொடுத்துக் கேட்டார். அந்நூலை 1738-இல் அச்சிட்டவர்கள் யார் தெரியுமா? அதே தரங்கம்பாடி லூத்தரன் அச்சகத்தார். கொள்கையில் அவர்களோடு கடுமையாக வாதிட்டவர் அவர். ஆயினும் மக்களின் மொழியைக் கவனித்து எழுதிய நூலின் பயனை அவருடைய எதிரணியினரே உணர்ந்துகொண்டனர்.

செந்தமிழ் அவருக்கு நினைவு. கொடுந்தமிழ் அவருக்குக் கவனம். ஒன்றுக்காக மற்றொன்றை அவர் விடவில்லை. நாமோ பல வேளைகளில் நினைவை மட்டும் வைத்துக்கொண்டு, கவனத்தைக் கைவிட்டு விடுகிறோம்.

ஏக்கம் மறைக்கும் சுவர்கள்

பழமையை நினைப்பதே தவறு என்று நாம் கூறவில்லை. நம் வழிபாடே நினைவின்மேல் எழுந்தது. நற்கருணை ஆண்டவருடைய பாடுகளின் நினைவு. ஆனால் விவிலியம் நினைவையும் ஏக்கத்தையும் பிரித்துக் காட்டுகிறது. பாலைநிலத்தில் இஸ்ரயேல் மக்கள் எகிப்தில் உண்ட மீனையும் வெள்ளரியையும் வெங்காயத்தையும் எண்ணி அழுததை எண்ணிக்கை நூலின் பதினோராம் அதிகாரத்தில் காண்கிறோம். உணவு நினைவிருந்தது, அடிமைத்தளை மறந்துபோயிற்று. முந்திய நாள்கள் இந்நாள்களைவிடச் சிறந்திருந்தது ஏன் என்று கேட்பது ஞானத்தின் கேள்வியன்று எனச் சபை உரையாளரும் தம் ஏழாம் அதிகாரத்தில் உணர்த்துகிறார்.

நம் ஏக்கம் மறந்த தளைகள் எவை? நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டப்பட்ட ஆலயத்தில் சாதியால் மக்களைப் பிரிக்கும் சுவர் நின்றது. ஒரே பலிபீடம், ஒரே நற்கருணை, இடையில் சுவர்! 1910-இல் கௌசானல் அடிகளாரின் காலத்தில் அது இடிக்கப்பட்டபோது எதிர்ப்பு எழுந்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம்வரை சென்று தோற்றது. சுவரைக் காக்க விரும்பியவர்களின் வாதமும் பழைய வழக்கம் என்பதே. "அந்தக் காலம் போல வருமா?" என்று கேட்கும்போது, சுவருக்கு எந்தப் பக்கத்தில் நின்று கேட்கிறோம் என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இலத்தீன் பூசையின் கம்பீரத்தை நினைவுகூரும் மூதாட்டி ஒருவரிடம், "அப்பொழுது பூசை நேரத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள், அம்மா?" என்று வினவினோம். "என்ன செய்ய, சாமி? அவுங்க பாட்டுக்கு அவுங்க சொல்லுவாங்க, நாங்க பாட்டுக்குச் செபமாலை சொல்லுவோம்" என்று சிரித்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் திருவழிபாட்டு ஏட்டை வெளியிட்டு மக்களின் மொழிக்கு வாசல் திறந்தது இதனால்தான்.

நம் ஊர் நெசவாளர்களும் இதே பாடத்தைக் கற்றுத் தந்தனர். விசைத்தறியின் இரைச்சலைக் குறை கூறி, கைத்தறி நெய்த நாள்களைப் புகழ்ந்த முதியவர் ஒருவர், பேச்சின் நடுவே சற்று நிறுத்தி, "ஆனா ஒண்ணு, சாமி. என் பேரன் மறுபடி அந்தத் தறிக்குழியில இறங்கக் கூடாது" என்றார். அவருடைய ஏக்கம் உண்மை. அவருடைய மறுப்பும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொன்ன அவரே நமக்கு நல்ல வரலாற்றாசிரியராகத் தோன்றினார்.

நேற்றைய புதுமையே இன்றைய பழமை

மணிலாவிலிருந்து 1969-இல் ஒலிக்கத் தொடங்கிய வேரித்தாஸ் வானொலி, 2018-இல் சிற்றலை ஒலிபரப்பை நிறுத்தி இணையத்திற்கு மாறியபோது நம் பெரியவர்கள் வருந்தினர். ஆனால் நம் சிறுவயதில், வானொலியால் குடும்பச் செபம் கெடுகிறது என்று வேறு பெரியவர்கள் வருந்தியதையும் நாம் கேட்டிருக்கிறோம். எண்பதுகளில் தொலைக்காட்சி வந்தபோது, வானொலி எவ்வளவோ நல்லது என்றனர். இன்று கைப்பேசியைக் கண்டதும், வீட்டார் ஒன்றாக அமர்ந்து தொலைக்காட்சி பார்த்த நாள்கள் பொன்னாள்களாகத் தோன்றுகின்றன.

திருச்சபையின் தலைமை இத்தகைய அச்சத்தில் தங்கிவிடவில்லை. வானொலியைக் கண்டறிந்த மார்க்கோனியின் துணையோடு 1931 பிப்ரவரி 12-இல் வத்திக்கான் வானொலியைத் தொடங்கி வைத்தவர் திருத்தந்தை பதினோராம் பயஸ். 2020 மார்ச் 27 மாலை, பெருந்தொற்றின் நடுவே, மழையில் நனைந்த வெறுமையான பேதுரு வளாகத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் தனித்து நின்று உலகிற்கு ஆசி வழங்கினார். ஆலயக் கதவுகள் அடைபட்ட அந்நாள்களில், கைப்பேசியைத் தூற்றிய நம் பெரியவர்களே பேரப்பிள்ளைகளின் கைப்பேசியில் திருப்பலி கண்டு கண்ணீர் விட்டனர். 2025 மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை பதினான்காம் லியோ, தம் பெயருக்குக் காரணம் கூறுகையில், 1891-இல் தொழிலாளர் நிலைபற்றித் திருமடல் வரைந்த பதின்மூன்றாம் லியோவை நினைவுகூர்ந்தார். இன்றைய செயற்கை நுண்ணறிவு மனித மாண்பிற்கும் உழைப்பிற்கும் எழுப்பும் அறைகூவலைச் சுட்டினார். பழைய பெயரை எடுத்துக்கொண்டார். புதிய கேள்வியை எதிர்கொண்டார். அதே ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் புனிதராக உயர்த்தப்பட்ட கார்லோ அகுதிஸ், நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து இணையத்தில் வெளியிட்டவர். 2006-இல் பதினைந்து வயதில் மறைந்த இளைஞர்.

கவனித்தல் என்பது ஏற்றுக்கொள்ளுதல் அன்று. அந்தத் தாயின் மகனைச் சிக்க வைத்த விளையாட்டு தீமையே. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு எதிராக நம் மாநிலமும், 2025-இல் நடுவண் அரசும் சட்டம் இயற்றியது சரியே. ஆனால் எது தீமை, எது நன்மை என்று பிரித்துச் சொல்ல, முதலில் அருகில் அமர்ந்து பார்த்திருக்க வேண்டும். தொலைவில் நின்று சபிப்பவனுக்கு அந்தப் பகுத்தறிவு வாய்ப்பதில்லை.

பிந்தியேனும் அந்தப் பையனை அழைத்தோம். "எங்களுக்கு ஒன்றும் தெரியாது, தம்பி, நீயே காட்டு" என்றோம். முதல் நாள் அவன் பேசவில்லை. மூன்றாம் முறை வந்தபோது, தான் எவ்வாறு தொடங்கினான், முதலில் எவ்வாறு வென்றான், பின் எவ்வாறு தோற்றான் என்று ஒவ்வொன்றாகக் காட்டினான். நம் அரைமணி நேர மறையுரையில் ஒரு சொல்லும் அவனைத் தொட்டிருக்காது என்பது அப்பொழுது புரிந்தது. கடன் இன்னும் முழுதும் தீரவில்லை. அவன் வேலைக்குச் செல்கிறான்; தாயிடம் கூலியைக் கொடுக்கிறான். ஞாயிறு திருப்பலிக்கு எல்லா வாரமும் வருகிறான் என்று சொல்வதற்கில்லை.

பாட்டையா சொன்ன குறையையும் நாம் தள்ளிவிடவில்லை. ஒரே வீட்டில் நால்வர் நான்கு ஊரில் இருப்பது போன்ற நிலை வேதனைக்குரியதே. அவர் இழந்தது சிம்னி விளக்கை அன்று. அதன் வெளிச்சத்தில் கூடி அமர்ந்த உறவை. அந்த உறவைத்தான் மீட்க வேண்டும், விளக்கை அன்று. இப்பொழுது அவர் வீட்டில் இரவு எட்டு மணிக்குச் செபமாலை நடக்கிறது. பேரன் ஒருவன் திருப்பூரில். மற்றொருவன் வளைகுடா நாட்டில். மேசைமேல் மாதா சுரூபத்தின் அருகே கைப்பேசி சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. வெளியூரிலிருந்து வரும் குரல் சற்றுப் பிந்தி வருவதால், மந்திரம் ஒன்றோடொன்று மோதிக்கொள்கிறது. "சுதி சேரல, சாமி" என்று பாட்டையா இன்னும் குறைபட்டுக்கொள்கிறார். ஆனால் எட்டு மணி அடித்ததும் கைப்பேசியை எடுத்து வரச் சொல்பவர் அவரே.